இரவல் நாற்காலி

ஆறு தையல் மெஷின்களும் ஒரே நேரத்தில் நின்றன.

இடம், தாராவியில் என் அண்ணன் துரையின் பட்டறை. தோல் பை தைக்கிற இடம். கீழே வேறொருவருடைய குடோன். மேலே எங்கள் அறை. செங்குத்தான இரும்பு ஏணியில், மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். தோல் வாசனை, தோலை ஒட்டுகிற சொலூஷன் வாசனை, இஞ்சி டீ வாசனை மூன்றும் ஏணியில் பாதியிலேயே வந்து வரவேற்கும்.

நான் கட்டிங் மேஜையின் மூலையில் உட்கார்ந்து, புதிதாக எழுதிய நகைச்சுவைக் காட்சியைக் கத்தி வாசித்துக்கொண்டிருந்தேன். ஆறு மெஷின் ஓடுகிற அறையில் மெதுவாக வாசித்தால் எனக்கே கேட்காது.

அந்த அறையில் எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான். பீஸுக்குக் கூலி வாங்குகிறவர்கள் சும்மா பெடலிலிருந்து காலை எடுக்கமாட்டார்கள். நான் வாசிக்கும்போது ஒரு மெஷின் நின்றால் வசனம் தேறும். மூன்று நின்றால் காட்சி தேறும். நான் வாசிக்கையில் ஆறும் நின்றது அதற்கு முன்பு ஒரே ஒரு முறைதான், அதுவும் கரண்ட் போனதால்.

அன்று கரண்ட் இருந்தது. செல்வின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பீகார்க்காரன் ரஃபீக்குக்குத் தமிழ் தெரியாது, அவனும் சிரித்தான்.

"ஏட்டி மெர்சி, இந்தத் தடவ கப்பு நமக்குத்தான்" என்றார் அண்ணன்.

மாரியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். குனிந்தார். எல்லோருக்கும் முன்பாக அவருடைய மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறும் நின்றது என்கிற சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சிரிப்பு நோட்டு

போன வாரம் இந்தப் பத்தியில் நான் வேலை பார்க்கும் செம்பூர் ரத்தப் பரிசோதனை மையத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "காலை ஏழு மணிக்கு ஊசி குத்துகிறவருக்கு நகைச்சுவை எப்படி வருகிறது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வரவில்லை அம்மா, பொறுக்குகிறேன்.

பல வருடங்களாக என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. யார் எங்கே எதற்குச் சிரித்தார்கள் என்று அதில் எழுதிவைப்பேன். வீடு சுனாபட்டியில், வேலை செம்பூரில். நடுவில் ஹார்பர் லைன் ரயிலில் பெண்கள் பெட்டி. அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் எனக்கு வாய்க்கவில்லை.

ஆரம்பத்தில் நான் வேடிக்கையான வசனங்களைத்தான் குறித்து வந்தேன். வீட்டுக்கு வந்து படித்தால் ஒன்றிலும் சிரிப்பு வராது. குழம்பிப் போனேன். பெட்டியே குலுங்கிச் சிரித்த வசனம் "அது என் தோசை" என்று நோட்டில் செத்துக் கிடக்கும்.

பிறகுதான் புரிந்தது. நான் வசனத்தை எழுதியிருந்தேன், அவளுக்கு அந்தத் தோசை எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை எழுதவில்லை. அவள் அன்று காலை எதுவும் சாப்பிடவில்லை. குர்லா வருவதற்குள் சாப்பிட்டாக வேண்டும். டப்பாவைத் திறந்தால் பக்கத்தில் நிற்கிறவள் ஒரு வாய் கேட்கிறாள். தோசையைத் தேவையோடு சேர்த்து எழுதினால்தான் அது சிரிப்பாகிறது.

காட்சிக்குள் இருக்கிற யாருக்கும் அது வேடிக்கையாக இருக்கக் கூடாது. இதை நான் எனக்கே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நடிகன் சிரித்தால் சபை சிரிக்காது. அவன் அழாத குறையாக ஒன்றைத் தேட வேண்டும்.

இன்னொன்று, போதாக்குறை. ஒரு குடையும் இரண்டு பேரும் போதும், காட்சி பாதி எழுதியாயிற்று. மூன்றாவதாக ஒரு பெரிய மனிதர் வந்து அந்தக் குடைக்குள் நுழைந்தால் மீதியும் எழுதியாயிற்று.

சிரிப்பைத் தரும் வார்த்தை கடைசியில் வர வேண்டும் என்பதும் ரயிலில் கற்றதுதான். "பூனைதான் திரும்பி வந்தது, அதைத் துரத்திக்கொண்டு போன சார் வரவில்லை" என்று நீட்டினால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். எங்கள் பெட்டியில் பூ விற்கிற அம்மாள் அதையே இப்படிச் சொல்வாள்: "தொரத்திக்கிட்டுப் போனாரு. திரும்பி வந்துச்சு, பூனை." நம்முடைய ஆட்கள் பேசும்போது தாமாகவே இதைச் செய்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் மறந்துபோகிறோம்.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்களை என்ன செய்தாலும் சிரிக்கவைக்க முடியாது என்பதும் நோட்டில் இருக்கிறது. அது செம்பூர் அனுபவம்.

மூன்று ஊர், மூன்று சிரிப்பு

மாதுங்காவில் உள்ள ஒரு தமிழ்ச் சங்கம் ஆண்டு விழாவில் நாடகப் போட்டி வைக்கும். குழுவுக்கு இருபது நிமிடம். நான்கு வருடமாக எங்கள் பட்டறைக் குழு கலந்துகொள்கிறது. முதல் பரிசு வாங்குகிறவர்கள் காட்கோபர்க்காரர்கள். அவர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை, அதனால் மேலே போகிறேன்.

மாதுங்கா அரங்கத்தில் சிரிப்பு ஒரு நொடி தாமதமாகத்தான் வரும். பக்கத்து நாற்காலிக்காரர் சிரிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டுதான் சிரிப்பார்கள். முதல் வரிசையில் மூன்று தலைமுறையாக அலுவலகம் போன குடும்பங்கள். வாயைத் திறக்காமல் தோளை மட்டும் குலுக்குவார்கள். நடிகர்களிடம் "தோளைப் பாருங்கள், வாயைப் பார்க்காதீர்கள்" என்று சொல்லித்தான் அனுப்புவேன்.

செம்பூரில் போட்டால் சிரிப்பு இரண்டு அலையாக வரும். முதலில் அம்மாக்கள். அவர்கள் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தியில் சொன்ன பிறகு பிள்ளைகள்.

தாராவியில் தாமதமே கிடையாது. ஆனால் வேறொரு சிக்கல் இருக்கிறது. நகைச்சுவையைக் கேட்டவுடன் அதை அப்படியே பக்கத்தில் இருப்பவரிடம் திருப்பிச் சொல்வார்கள், அவரும் கேட்டிருந்தாலும்கூட. அதற்குள் அடுத்த வசனம் போய்விடும். அதனால் தாராவிக்கு எழுதும்போது ஒவ்வொரு சிரிப்புக்கும் பிறகு யாருக்கும் தேவைப்படாத ஒரு வசனம் வைப்பேன். "டீ சொல்லவா?", "மணி என்ன ஆச்சு?" இப்படி ஏதாவது. எங்கள் குழுவில் இதற்குக் குப்பை வசனம் என்று பெயர். செல்வின் குப்பை வசனம் பேசுவதில் மன்னன்.

செல்வின் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழை ஓட்டமாகப் பேசுவான், வாசிக்க வராது. அவனுக்கு மட்டும் தமிழ் வசனத்தை இந்தி எழுத்தில் தட்டிக் கொடுப்பேன். எங்கே தடுமாறினாலும் அடி எடுத்துக் கொடுப்பவர் மாரியப்பன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். மனைவி முத்துலட்சுமியும் பத்து வயது மகளும் ஊரில் இருக்கிறார்கள். எங்கள் குழுவின் தூண் அவர். முகத்தை அசைக்காமல் நடிப்பார். சபை உருண்டு புரளும்.

முதலாளி நாற்காலி

இனி அந்தக் காட்சிக்கு வருகிறேன்.

பட்டறையில் எல்லோருக்கும் முக்காலிதான். அண்ணனுக்கு மட்டும் ஒரு சுற்றுகிற நாற்காலி உண்டு. அதற்கு மேலே மின்விசிறி, பின்னால் தைத்து முடித்த பைகள் அடுக்கிய அலமாரி. அந்த மூலை மட்டும் ஓர் அலுவலகம் போல இருக்கும்.

செல்வினுக்குப் பெண் பார்த்தபோது, பெண்ணின் அப்பா காட்கோபரிலிருந்து திடீரென்று வீடியோ காலில் வந்துவிட்டார். செல்வின் கையெல்லாம் சொலூஷனோடு பேந்தப் பேந்த விழித்தான். அண்ணன் எழுந்து, "ஏல, இதுல உக்காரு" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டார். மெஷின்கள் நின்றன. ரஃபீக் தானாகவே ஒரு பையை எடுத்துக்கொண்டு போய், செல்வின் முன்னால் பணிவாக நின்று, "சாப், யே பாஸ் கர் தூ?" என்று கேட்டான். ஐயா, இதைப் பாஸ் பண்ணிவிடவா என்று. செல்வின் பையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். கல்யாணம் நிச்சயமாயிற்று.

அன்றிலிருந்து அது பட்டறையின் வழக்கம். யாருக்கு வீட்டிலிருந்து வீடியோ கால் வந்தாலும் அவர் கையை உயர்த்துவார். மெஷின்கள் நிற்கும். அண்ணன் எழுந்துவிடுவார். பேசி முடிக்கும்வரை அவர்தான் சாப். ரஃபீக் தன் அம்மாவிடம் பேசும்போது அண்ணனே பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பார். யாரும் இதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

மாரியப்பனுக்குத் தினமும் நாலரை மணிக்குக் கால் வரும். முத்துலட்சுமி மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்த பிறகு. மூன்று வருடமாக அவர் அந்த நாற்காலியில், வீட்டில் சொல்லியிருந்தபடி சூப்பர்வைசராக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

நான் செம்பூரில் வேலை முடிந்து பட்டறைக்கு வருகிற நேரமும் அதுதான். எத்தனை நாள் பார்த்திருப்பேன்! ஒரு நாள் செல்வினுக்கும் மாரியப்பனுக்கும் ஒரே நேரத்தில் கால் வந்தது. நாற்காலி ஒன்றுதான். நோட்டை எடுத்துவிட்டேன்.

காட்சியை எழுத ஒரே ஒரு மாலை ஆயிற்று. இரண்டு ஆட்கள், இரண்டு கால்கள், ஒரு நாற்காலி. பாதிப் பாதி உட்கார்கிறார்கள். ஒருவர் முகம் தெரியும்போது மற்றவர் குனிகிறார். முதலாளி பையைத் தூக்கிக்கொண்டு இருவருக்கும் மாறி மாறி "சாப்" போடுகிறார். அந்த நேரம் பார்த்து முதலாளிக்கே ஊரிலிருந்து மாமனார் கால். மாமனார் கேட்கிறார்: "மாப்ள, ஒம்ம சேருல உக்காந்திருக்கது யாரு? நம்மூரு பால்பாண்டில்லா? அவன் ஒம்மகிட்ட பை தைக்க வந்தவன்லா?" பக்கத்துப் போனில் பால்பாண்டியின் மனைவி அதைக் கேட்டுவிடுகிறாள். பால்பாண்டி மாட்டிக்கொள்கிறான். திரை.

மாரியப்பன் என்ற பெயரைப் பால்பாண்டி என்று மாற்றியிருந்தேன். பெயரை மாற்றினால் ஆளை மாற்றிவிட்டதாக எழுதுகிற எல்லோருமே நம்புகிறோம். மாரியப்பனுக்கு முதலாளி வேடம் கொடுத்திருந்தேன், அதனால் அவருக்கு உறுத்தாது என்று ஒரு சமாதானம் வேறு. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று அள்ளி ஊற்றியிருக்கிறேன். அப்போது தெரியவில்லை.

காய்ச்சல்

மறுநாள் செல்வின் போன் செய்தான். "அக்கா, மாரியப்பண்ணன் நடிக்கலையாம். காச்சலாம்."

போட்டிக்கு ஆறு நாள் இருந்தது. ஏணியில் ஏறிப் போய்ப் பார்த்தால் மனிதர் மெஷினில் உட்கார்ந்து கைப்பிடி தைத்துக்கொண்டிருந்தார்.

"காச்சல் எப்படி இருக்கு?"

"இருக்குக்கா" என்றார், என்னைப் பார்க்காமல்.

"அவன் நடிக்காட்டா நான் நடிக்கேன் போ" என்றார் அண்ணன். அண்ணன் மேடையில் ஏறினால் கல்லுப்பிள்ளையார். ஒருமுறை இரண்டு வரி வசனத்துக்கு நான்கு முறை மன்னிப்புக் கேட்டவர்.

எனக்கு விஷயம் பாதி புரிந்தது. கோபமும் வந்தது, அதை மறைத்து என்ன பயன்? நான் எழுதியதிலேயே சிறந்த காட்சி அது. இருந்தாலும் வீட்டுக்குப் போய் வேறொன்று எழுதினேன். நாற்காலிக்குப் பதில் குடை. மறுநாள் பட்டறையில் பத்து நிமிடம் கத்தி வாசித்தேன். ஒரு மெஷினும் நிற்கவில்லை. முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தபோது ரஃபீக் நிமிர்ந்து, "தீதி, இன்னிக்கு வாசிக்கலையா?" என்று இந்தியில் கேட்டான்.

தமிழ் தெரியாதவன் சிரிக்கிறானா என்பதும் என்னுடைய சோதனைகளில் ஒன்று. யாருக்கு என்ன வேண்டும் என்பது குரலிலேயே தெரிந்தால் அவனுக்கு வார்த்தை வேண்டாம். என் குடைக்காரர்களுக்குக் குடை தேவைப்படவே இல்லை.

டீக்கடை பெஞ்சு

மாரியப்பன் டீ குடிக்கக் கீழே இறங்கினார். நானும் இறங்கினேன். சந்து முனைக் கடையில் பெஞ்சின் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்தோம்.

"தப்பா எழுதிட்டேனா?" என்றேன்.

"பொய்யா எழுதியிருந்தா நான் சிரிச்சிருப்பேன்க்கா. உள்ளதல்லா எழுதியிருக்கீய."

"நாடகத்தப் போன்ல போடுவாவ. ஊர்ல முத்துலட்சுமி பாத்துட்டா தெரிஞ்சிருமேன்னு பயப்படுதீயளா?"

"அவளுக்குத் தெரியும்."

நான் டீயைக் கீழே வைத்தேன். "எப்படி? சொன்னாளா?"

"சொல்லுவாளா? ஒரு நாளு போன வைக்கும்போது, 'கையில சொலூஷன் ஒட்டியிருக்கு, நல்லா கழுவிட்டுச் சாப்பிடுங்க'ன்னா. சூப்பர்வைசர் கைக்கு எங்க இருந்துக்கா வரும் சொலூஷன்?"

"பெறகு?"

"பெறகு என்ன? கழுவிட்டுச் சாப்ட்டேன்."

அவர் கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தானாகவே சொன்னார்.

"நானும் அவகிட்ட ஒண்ணு கேக்காம இருக்கேன். போன மழையில எங்க வீட்டுச் சொவரு ஒரு பக்கம் இடிஞ்சிட்டு. கட்டி, பூசி, பச்சப் பெயிண்டு அடிச்சாச்சுன்னு சொன்னா. தெனமும் பச்சச் சொவருக்கு முன்னாலதான் உக்காந்து பேசுதா. ஆனா எங்க வீட்டு சன்னலு கெழக்க பாத்ததுக்கா. சாயங்காலம் அவ மூஞ்சியில வெயிலு அடிக்கி."

கிழக்குச் சன்னலில் சாயங்கால வெயில் எப்படி வரும்? "அடுத்த வீட்லயா உக்காருதா?"

"ஆமா. இடிஞ்சது இடிஞ்சபடிதான் கெடக்கும். சொன்னா நான் இங்க கெடந்து வெசனப்படுவேன்னு மறைக்கா."

"நீங்க கேக்கலையா?"

"அவ சொலூஷனப் பத்திக் கேட்டாளா?"

சந்தில் ஒரு கைவண்டி போயிற்று. இருவரும் காலை மடக்கிக்கொண்டோம்.

"ஒங்க நாடகத்துல மாமனாரு பிடிச்சுக் குடுக்காருல்லா" என்றார் மாரியப்பன். "எங்க வீட்ல யாரும் யாரையும் பிடிச்சதில்லக்கா. மேடையில அத நாலு பேரு சிரிக்கப் பாத்துட்டா, அதுக்குப் பெறகு அவ தெரியாத மாதிரி இருக்க முடியாது. நானும் இருக்க முடியாது. பெறகு நாலரை மணிக்கு நாங்க என்னத்தப் பேச?"

எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வருடமாக அந்த நாற்காலியைப் பார்த்தவள் நான். ஒருவன் மனைவியை ஏமாற்றுகிறான் என்றுதான் பார்த்திருக்கிறேன். நகைச்சுவை என்றால் கடைசியில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று எங்கோ படித்ததை அப்படியே அவர்மேல் ஏற்றியிருக்கிறேன். இவ்வளவு வெட்கத்திலும் என் கை பைக்குள் நோட்டைத் தேடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

"கிழிச்சுப் போட்டுருதேன்" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

நான் எழுந்துகொள்ளும்போது கேட்டேன்: "மேடையில ரெண்டு சேரு போட்டா? இந்தப் பக்கம் அவன் இரவல் சேருல. அந்தப் பக்கம் அவ இரவல் சேருல. ரெண்டு பேருக்கும் தெரியும். மாமனாரும் வேண்டாம், மாட்டவும் வேண்டாம்."

மாரியப்பன் கிளாஸை உருட்டுவதை நிறுத்தினார். "அவ சேரையும் போடணும்னா அவகிட்ட கேக்கணும்லா?"

"கேட்டா தெரிஞ்சதா ஆயிருமே."

"ஆவும்." காலி கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார். "ஐப்பசி மழை வருதுக்கா. சொவரு எப்படி இருக்குன்னு நான் கேக்கணும். பூசியாச்சுன்னு சொன்னவகிட்ட எப்படிக் கேக்க? பிள்ள அதுக்குக் கீழதான் படுக்கா. இதுதான் ஒரு மாசமா உள்ள கெடந்து அறுக்கி."

அவருக்குக் காய்ச்சல் இருந்தது உண்மைதான் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

நாலரை மணி

மறுநாள் நான் வேலையிலிருந்து ஓடிவந்தேன். ஏணியில் ஏறும்போதே போன் அடிக்கிற சத்தம். மாரியப்பன் கையை உயர்த்தினார். மெஷின்கள் நின்றன. அண்ணன் வழக்கம்போல எழுந்து நாற்காலியைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஒதுங்கினார். ரஃபீக் பையை எடுத்துத் தயாராக நின்றான்.

மாரியப்பன் எழுந்திருக்கவில்லை.

"ஏல, போ. கட்டாயிரப் போவுது" என்றார் அண்ணன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். போனை மெஷின்மேல், நூல்கண்டுக்குச் சாய்த்து வைத்தார். முக்காலியில் நேராக உட்கார்ந்து பட்டனை அழுத்தினார். நான் அவருக்குப் பின்னால், கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து திரை தெரிந்தது.

பச்சைச் சுவர். முத்துலட்சுமி. சன்னலிலிருந்து வெயில் அவள் ஒரு கன்னத்தில் விழுந்திருந்தது. சிரித்த முகத்தோடு வந்தவள், பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள், அவர் மடியில் கிடந்த பாதி தைத்த பையைப் பார்த்தாள்.

"இன்னைக்கு சேரு இல்லையா?" என்றாள்.

"இல்ல. இதான் என் மெஷினு."

"ம்." அவள் திரைக்குக் கிட்டே வந்தாள். "வெளிச்சம் போதுமா அங்க?"

"போதும்." மாரியப்பன் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தார். "சொவரு எப்படி இருக்கு?"

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அது காலி நாற்காலிக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. செல்வின் என்னைப் பார்த்தான். இந்த மனிதரின் நாலரை மணியை நானே கெடுத்துவிட்டேன் என்று பயமாக இருந்தது.

"அப்ப நானும் எந்திரிக்கணும்லா" என்றாள் முத்துலட்சுமி.

எழுந்தாள். திரை ஆடியது. ஒரு வாசல், கொடியில் துணி, குறுக்கே ஓடிய கோழி, வானம். பிறகு ஒரு சுவர். பாதிக்குமேல் இல்லை. நீலத் தார்ப்பாயைக் கட்டி மேலே கல் வைத்திருந்தார்கள்.

"பாத்துக்கோங்க. இதான்."

"பாப்பா எங்க படுக்கா?"

"அங்கிட்டு, உள்சொவரு ஓரமா. மழ வந்தா அடுத்த வீட்டுக்குப் போயிருவோம். பயப்படாதிய."

"தீவாளிக்கு வாரேன். நானே கட்டுதேன்."

"வாங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினார்கள். இத்தனை நாள் இருவரும் சுமந்ததை இறக்கிவைக்க அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு ஏற்கெனவே அடுக்கியிருந்த பைகளை மறுபடி அடுக்கினார். ரஃபீக் இன்னும் அந்தப் பையை ஏந்தியபடியே நின்றான். யாரிடம் நீட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மாரியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மெர்சியக்கா நம்ம ரெண்டு பேரையும் வச்சு ஒரு நாடகம் எழுதுதாவ. சேரு கத. போடட்டுமான்னு கேக்காவ" என்றார்.

முத்துலட்சுமி நெற்றியைச் சுருக்கினாள். "என்னய யாரு நடிக்கா?"

நான் அதுவரை முடிவு செய்திருக்கவில்லை. மாரியப்பனின் தோளுக்கு மேலாக எட்டி முகத்தைக் காட்டி, "நான்தாம்மா" என்றேன்.

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். தேர்வு செய்கிறவள் பார்வை. பிறகு சொன்னாள்:

"அப்ப எனக்கு நல்ல சேரா போடுங்கக்கா. இங்க அடுத்த வீட்டுச் சேருல ஒரு காலு ஆடும். ஒரு வருசமா அத ஆட்டாம உக்காந்திருக்கேன்."

ஆறு மெஷின்களும் நின்றிருந்தன. முதலில் சிரித்தது மாரியப்பன்.